பெயர் சொல்லி ஒரு சட்டம்

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, காலையில் மேன்முறையீடு கேட்டுவிட்டுப் பிற்பகலில் அந்நியன் ஒருவனைப் பெயர் சொல்லிச் சட்டத்தால் குடிமகனாக்கும். கஜதீபனின் முனைவர் பட்ட ஆய்வே அதுதான்.

டென்மார்க்கிலும் அதே வழக்கம். வைலே நகரத்து வீட்டுச் சமையலறையில், நாடாளுமன்றத்தின் புதிய குடியுரிமை மசோதாவில் அவனும் மனைவியும் தங்கள் பெயர்களைத் தேடினர்.

"இஞ்சேருங்கோ, என்ரை பேர் வந்திட்டுது!" என்று துள்ளினாள் துவாரகா. "உங்கடையைக் காணேல்லையே?"

விளக்கம் மின்னஞ்சலில் கிடந்தது: கஜதீபன் நாட்டில் தொடர்ந்து வசித்த காலம் இடையில் முறிந்துவிட்டதாம், இனி ஒன்பது ஆண்டுகளை முதலிலிருந்து எண்ண வேண்டுமாம்.

"ரெண்டு கிழமை ஊருக்குப் போனதுக்கோ இந்தத் தண்டனை?" அவள் சீறினாள்.

"இல்லையடி. லண்டனிலை மூண்டு வருசம் இருந்ததுக்கு," என்றான் கஜதீபன். "அந்நியருக்கு எப்பிடிக் குடியுரிமை குடுத்தவை எண்டு படிக்க."