அண்டா நிறைய க்ரீம்

கை வெடிப்புக்குப் பூசும் க்ரீம், சின்னக் கிண்ணத்தில் அடுப்பின்மேல் உருகிக்கொண்டிருந்தது.

"ரசம் மாதிரி ஓடுதே," என்று தேன்மெழுகு இன்னொரு கட்டியாக உள்ளே குதித்தது.

"ஐயையோ, ஆறினா கல்லாயிடும்," என்று தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு கவிழ்ந்தது.

"மறுபடி ரசம்," என்று மெழுகு தன் சித்தப்பா பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்தது. எண்ணெய் டின்னோடு வந்தது. கிண்ணம் போய்க் குண்டான் வந்தது, குண்டான் போய் அண்டா வந்தது.

"சூட்டுல தண்ணியாத்தான் இருக்கும். ஆற விட்டுப் பாருங்களேன்," என்று சுற்றிச் சுற்றிக் கலக்கியபடியே கெஞ்சியது கரண்டி. யார் காதிலும் விழவில்லை.

திடீரென்று அண்டாவில் கொதிப்பு அடங்கியது. க்ரீம் மெல்ல ஆறி, வெண்ணெய்போல் திரண்டது.

"என்னாலதான்," என்றது மெழுகு.

"நான் இல்லாமலா?" என்றது எண்ணெய்.

அடுப்பு மட்டும் கூனிக்குறுகி நின்றது. "மன்னிச்சுக்கங்க, கேஸ் தீர்ந்துபோச்சு."