மோட்டார் இல்லாத லென்ஸ்

"ஒரே ஒரு படம். என் கண்ணு துல்லியமா விழுந்தா ஸ்டூடியோ உன்னுது. விழலேன்னா நாளைக்கே இழுத்து மூடிடலாம்," என்றபடி தம்பி ஸ்டூலில் உட்கார்ந்தான். "வெள்ளெழுத்தை வெச்சுக்கிட்டு உனக்கு எதுக்குக்கா இந்த வீம்பு?"

"வாயை மூடு. முகம் ஆடுது."

பழைய சாமான் கடையில் வாங்கிய லென்ஸைப் புது டிஜிட்டல் கேமராவில் பொருத்த, அக்காவே பித்தளையில் இணைப்பு வளையம் கடைந்திருந்தாள். லென்ஸில் மோட்டார் கிடையாது. ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாமே பஞ்சாகத்தான் தெரிந்தது. அலுத்துப்போய்க் கையை எடுத்தாள்.

ஃபோகஸ் வளையம் தானாகத் திரும்பி நின்றது.

அவள் யோசிக்கவே இல்லை. க்ளிக்!

தம்பி ஓடிவந்து படத்தைப் பெரிதாக்கினான். இமைமுடிகளை ஒவ்வொன்றாக எண்ணலாம் போலிருந்தது. பெரிய கும்பிடாகப் போட்டான். "ஸ்டூடியோ உன்னுதுதான், தாயே!"

வளையம் மறுபடி நகர்ந்தது. கேமராத் திரையில் காலி ஸ்டூல் கலங்கியது. பின்னால் தொங்கிய வெள்ளைத் துணியும் கலங்கியே இருந்தது. இரண்டுக்கும் நடுவே, ஓர் ஆள் நிற்கக்கூடிய வெற்றிடத்தில் ஃபோகஸ் நிலைத்தது.

"அக்கா... அங்க யாருமில்லையே?"

முதலாளியம்மா ஆகிவிட்ட அக்கா நிமிர்ந்து, முகமெல்லாம் சிரிப்பாக அந்த இடத்தைப் பார்த்தாள்.

"வாங்க வாங்க! என் கடைக்கு நீங்கதான் முதல் போணி. அசையாம நில்லுங்க."