மாமனாரின் முழங்கால்

மாமனார் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மருமகனுக்கு அதைப் பார்த்துப் பூரிப்புத் தாங்கவில்லை.

"அட, நீங்களா? வந்ததே தெரியல மாப்பிள்ளை" என்றார் மாமனார். இந்த வீட்டில் தனக்கு மரியாதையே இவ்வளவுதான் என்று மருமகன் வழக்கம்போல் மனசுக்குள் கறுவிக்கொண்டார்.

மருமகன் பெரிய ஆராய்ச்சியாளர். ஆராய்ச்சி என்றால் வேறொன்றுமில்லை. எலியின் பாதத்தில் ஊசி குத்தி வீங்கவைப்பார், பிறகு ஏதாவது பச்சிலையைத் தடவி வீக்கம் வடிகிறதா என்று பார்ப்பார். அவருடைய நொச்சிக் களிம்புக்கு எலிகளின் வீக்கம் வடிந்தது. மனிதர்களுக்கும் வடியும் என்று காட்டாவிட்டால் மூலிகைப் பிரிவையே இழுத்து மூடிவிடப்போவதாக இயக்குநர் சொல்லிவிட்டார்.

வீட்டிலேயே ஒரு வீங்கிய முழங்கால் இருந்தது. ஆனால் அதன் சொந்தக்காரர் லேசுப்பட்டவரா?

"வலிக்கு மருந்து கண்டுபிடிக்கறாராம்! வாசல் கேட் போடற கூச்சலை நிறுத்தத் துப்பில்ல. ஆடுகூடத் திங்காத தழைய என் முட்டியில தடவணுமாம்" என்று மருமகன் காதில் விழும்படி மகளிடம் சொன்னவர் அவர். வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பும் களிம்பைத் தவிர வேறெதையும் சீண்டமாட்டார்.

அனுமதி வாங்கிச் செய்ய வேண்டிய சோதனையை ஆராய்ச்சியாளர் வாங்காமலே தொடங்கினார். வெளிநாட்டு ட்யூபின் அடிமடிப்பை இடுக்கியால் பிரித்தார். உள்ளே இருந்ததைப் பிதுக்கி எறிந்துவிட்டு, நொச்சிக் களிம்பைத் திணித்து மறுபடி மடித்து வைத்தார். வாசனை காட்டிக்கொடுக்காமலிருக்கப் புதினா எண்ணெயும் கலந்தார். அவ்வளவு கெட்டிக்காரர்.

ட்யூப் நாளுக்கு நாள் இளைத்தது. முழங்காலும் கூடவே இளைத்தது. பேன்ட் தைக்க அளவெடுக்கிறாற்போல் மனைவியை டேப்போடு அனுப்பி, வீக்கம் எவ்வளவு குறைந்தது என்று குறித்துக்கொண்டார். 'மனிதரிடமும் அபார குணம்' என்று இன்று மத்தியானம்தான் இயக்குநருக்கு அறிக்கை அனுப்பினார்.

இனியும் வாயை மூடிக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை.

"முட்டி எப்படி இருக்கு மாமா?"

"அதுக்கென்ன, ஜோரா இருக்கு."

"உங்க பையன் அனுப்பின களிம்புதானே காரணம்?"

மாமனார் சோபாவில் உட்கார்ந்தார்.

"அது உங்க பையன் களிம்பு இல்ல. ரெண்டு மாசமா அந்த ட்யூபுக்குள்ள இருக்கறது என்னோட நொச்சி. ஆடுகூடத் திங்காத தழை! இப்ப என்ன சொல்றீங்க?" சமையலறையில் இருக்கும் மனைவிக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னார்.

மாமனார் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"வெள்ளையா வந்த களிம்பு திடீர்னு பச்சையா வந்தா எனக்குத் தெரியாதா மாப்பிள்ளை? வாசனையை மறைச்சீங்க, நிறத்தை மறந்துட்டீங்க. இதுல ஆராய்ச்சி வேற."

ஆராய்ச்சியாளருக்கு முகம் சுண்டிப்போனது. அடுத்த கணமே தெளிந்தார். தெரிந்தும் தடவியிருக்கிறாரே, அது இன்னும் பெரிய வெற்றி அல்லவா?

"தெரிஞ்சும் தினமும் தடவினீங்களே மாமா, அதைச் சொல்லுங்க!"

"தடவினேன், இல்லைன்னு சொல்லல. முட்டிக்கு டாக்டர்கிட்ட ஊசி போட்டுக்கிட்டேன். உங்க தழைய வாசல் கேட் கீலுக்குத் தடவினேன்."

மருமகன் திரும்பி வாசலைப் பார்த்தார். அறிக்கை இந்நேரம் இயக்குநர் மேஜைக்குப் போயிருக்கும்.

மாமனார் ஆறுதலாகச் சொன்னார்:

"நல்ல மருந்துதான் மாப்பிள்ளை. கேட் இப்ப கத்தறதே இல்ல."