காலைக் காட்சியில் கொலைகாரி

விளக்குகள் அணைந்ததும் அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலியில் அவள் கணவர் சென்னியப்பன் கொட்டாவி விட்டார். கடையைப் பூட்டிவிட்டு வந்த எரிச்சல் இன்னும் முகத்தில் இருந்தது. இடைவேளையோடு கிளம்பிவிடலாம் என்று வரும் வழியிலேயே சொல்லியிருந்தார்.

கோபிச்செட்டிப்பாளையம். காலைக் காட்சி. பாதி நாற்காலிகள் காலி.

படத்தை எடுத்தவள் சிந்துஜா. அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பெண். மாடியே கொலை நடக்கும் வீடாயிற்று. நண்பர்களே போலீஸ், வக்கீல், வாட்ச்மேன். வீட்டுக்கார அம்மாவாக நடிக்க வேண்டியவர் மட்டும் கடைசி நேரத்தில் வரவில்லை. அக்கா, நீங்க வந்து நில்லுங்க என்றாள் சிந்துஜா.

இவள் போய் நின்றாள்.

என்ன வேஷம் என்று கணவர் ஒருமுறை கேட்டார். காபி கொண்டுவந்து கொடுக்கிற வேஷம் என்றாள். பொய்யில்லை.

மிச்சத்தைச் சொல்லக் கூடாது என்று சிந்துஜா சத்தியம் வாங்கியிருந்தாள்.

கொலைகாரி அவள்தான்.

திரையில் காபித் தட்டோடு அவள் முதன்முதலாக வந்தபோது சென்னியப்பன் செல்போனில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். அவள் அவரைத் தொட்டுக் கூப்பிடவில்லை.

பின்வரிசையில் கல்லூரிப் பையன்கள். ஒரு காட்சியில் மைக்கின் நிழல் சுவரில் விழுந்தது. விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் முந்தானையை இன்னும் இறுக்கினாள்.

பிறகு பிணம் கிடைத்தது. கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது.

சிரிப்பு நின்றது.

முன்வரிசைப் பெண் கையில் எடுத்த முறுக்கைக் கடிக்கவில்லை. யாரோ இருமினார்கள், யாரோ அதட்டினார்கள். சென்னியப்பனின் செல்போன் எப்போது சட்டைப் பைக்குள் போனது என்று அவள் கவனிக்கவில்லை.

இடைவேளையில் பப்ஸ் வாங்க நின்ற அத்தனை பேரும் போலீஸாகியிருந்தார்கள். வக்கீல்தான் என்றான் ஒருவன். செத்தவனின் தம்பி என்றான் இன்னொருவன். செத்தவன் சாகவே இல்லை என்றார் கண்ணாடி போட்ட ஒருவர். கிளம்பலாம் என்றிருந்த சென்னியப்பன், முன்பின் தெரியாத ஒரு ஆளிடம் வாட்ச்மேன்தான் என்று அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவன் முழியே சரியில்லையாம்.

அவள் கன்னத்தை உள்ளுக்குள் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். திரையில் வந்த அதே மூக்குத்தி, அதே கொண்டை. ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுபாதியில் வக்கீல் இல்லை என்றாயிற்று. பின்வரிசையில் பாதிப் பேர் தலையில் கைவைத்தார்கள், மீதிப் பேர் விசிலடித்தார்கள். அடுத்து வாட்ச்மேனே செத்துக் கிடந்தான். சென்னியப்பன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

கடைசிக் காட்சி.

துப்புக் கிடைக்காமல் இன்ஸ்பெக்டர் வாசலுக்கு நடக்கிறார். மேசையில் கிடந்த டம்ளர்களை அவள் எடுக்கிறாள். எடுத்தவள் கீழே வைக்கிறாள்.

"நான்தானுங்க."

அரங்கமே மூச்சை இழுத்தது.

"கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து இந்த வீட்டுலதான் இருக்கறேன். என்னைய ஆராச்சும் ஒரு கேள்வி கேட்டிருக்கீங்களா? கொலை நடந்தப்பறமும் கேக்கல. அதுக்கு முன்னாலயும் கேக்கல."



முதலில் ஒரு விசில். அதன் பின்னால் கைத்தட்டல். பின்வரிசை மொத்தமும் எழுந்து நின்றது. காபி கொடுத்தவளா, அவளா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். இப்போதே இன்னொரு தடவை பார்க்க வேண்டும், முதலிலிருந்து அவளையே பார்க்க வேண்டும் என்றான் ஒருவன்.

இப்படி ஒரு சந்தோஷம் உடம்புக்குள் இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

கணவரைப் பார்த்தாள்.

அவர் கைதட்டவில்லை. திரை முழுக்க நின்ற அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்கு வந்தது. முன்வரிசைப் பெண் திரும்பினாள், அவளைப் பார்த்தாள், வீல் என்று கத்தினாள். அவ்வளவுதான். கூட்டம் சூழ்ந்துகொண்டது. பையன்கள் பயமும் சிரிப்புமாக அவள் பக்கத்தில் நின்று படமெடுத்தார்கள். ஒருத்தன் தன் செல்போனைச் சென்னியப்பன் கையில் கொடுத்து எடுக்கச் சொன்னான். எடுத்தார். சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு இன்னொன்றும் எடுத்தார்.

கதவோரம் சிந்துஜா அழுதுகொண்டே சிரித்தாள்.

வண்டி ஸ்டாண்டில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கணவர் கேட்டார். அந்தக் கடைசிப் பேச்சை அந்தப் புள்ள எழுதிக் கொடுத்ததா என்று.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

சிந்துஜா எழுதியது நான்தானுங்க என்ற முதல் வார்த்தை மட்டும்தான். கேமரா நிற்காமல் ஓடியது. மிச்சம் தானாக வந்தது.

"இல்லீங்க" என்றாள்.

அவர் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. கடைவீதி ஹோட்டல் முன்னால் நிறுத்தினார்.

உட்கார்ந்ததும் சர்வர் வந்தார். எந்த ஹோட்டலுக்குப் போனாலும் இருவருக்கும் சேர்த்துச் சென்னியப்பனே சொல்லிவிடுவதுதான் வழக்கம். வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார்.

"உனக்கு என்ன வேணும்?"

அவளுக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை.

சர்வர் அடுத்த மேசைக்கு நகரப் பார்த்தார். சென்னியப்பன் கையை நீட்டி நிறுத்தினார்.

"இருப்பா. யோசிக்கட்டும்."