முழுப்பெயர்

மறுபடியும் இரண்டு முறை தொட்டுவிட்டான்.

விசில் வருவதற்கு முன்பே தவசிக்கனிக்குத் தெரிந்துவிட்டது. பந்து இசக்கிராஜாவின் விரல்களில் பட்டு, ஒரு கணம் குழம்பி, மறுபடியும் பட்டு, சாய்வாக மேலே போனது. அடிப்பதற்காக எழும்பிய இருவரும் வெறுங்கையோடு தரையிறங்கினார்கள்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மைக்குக்காகக் காத்திருந்தார்.

"அமரர் சிவனணைந்தான் நினைவு அணி, பந்தை இரண்டு முறை தொட்டுவிட்டார்கள். புள்ளி எதிரணிக்கு."

வேப்பமரத்தில் கட்டியிருந்த மூன்று ஒலிபெருக்கிக் குழாய்களும் அவருடைய அப்பாவின் பெயரை மூன்று தெருவுக்குக் கொண்டுபோயின.

முழுப்பெயரையும் சொல்லவேண்டும் என்று உத்தரவு போட்டவர், அணியை நடத்தும் அவரேதான். 'அமரர்' என்பதை விடக்கூடாது. 'நினைவு அணி' என்பதை விடக்கூடாது. மைக் பிடிக்கும் பால்துரை வாத்தியார் பதினெட்டு வருடங்களில் ஓர் எழுத்தையும் விட்டதில்லை.

ஜெயித்த வருடங்களில் அது கேட்க நன்றாக இருந்தது.

இன்று வாலிபால் அரையிறுதி. கடைசி செட். எட்டுக்குப் பதினொன்று. பதினைந்தில் முடிந்துவிடும்.

"ஏல, பந்தத் தூக்கிக் குடுக்கச் சொன்னா கொழுக்கட்டை பிடிக்கியே."

கயிற்றுக்கு அப்பாலிருந்து ஒரு குரல். தொடர்ந்து ஒரே சிரிப்பு.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவர் வழக்கமில்லை. முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார்.

இவனுக்கு இது ஆறாவது ஆட்டம். ஆறிலும் இதே கதை. பயிற்சியில் கண்ணை மூடிக்கொண்டு பந்தைத் தூக்கிக் கொடுப்பான். ஆட்டம் என்று வந்தால் கை கட்டையாகிவிடும். இந்த வருடம் முழுக்கப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் இவன்தான் என்று தை மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னவரும் அவர்தான். நினைத்தால் எரிச்சலாக வந்தது. வருடம் முழுக்க என்று சொல்லச் சொல்லி யார் கேட்டார்கள்? நாலு ஆட்டம் என்று சொல்லியிருக்கலாம்.

சொன்னது சொன்னதுதான்.

பக்கத்தில் அவர் மகன் லிங்கதுரை ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். பதினான்கு வருடம் அந்த இடத்தில் ஆடியவன். இப்போது முழங்கால் வீங்குகிறது. ஆனால் பந்தை இரண்டு முறை தொடமாட்டான்.

"அப்பா, இன்னும் ஏழு பாயிண்ட்தான. நான் தாங்கிருவேன்."

பின்னாலிருந்து குழுச் செயலாளர் குனிந்தார்.

"அண்ணாச்சி, இவனுக்கு இன்னும் எத்தன மேட்ச் குடுக்கப் போறிய? பெரியவர் பேரு சந்தி சிரிக்கி."

அது சுட்டது.

இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராக உருட்டிக் காட்டினால் போதும். நடுவர் ஆளை மாற்றிவிடுவார்.

அவர் கைகளைத் தூக்கினார்.

அப்போதுதான் இசக்கிராஜாவைப் பார்த்தார். அவன் கூட்டத்தைப் பார்க்கவில்லை. வெளியே காத்திருக்கும் லிங்கதுரையையும் பார்க்கவில்லை. பந்தலுக்கு அடியில் மாலை போட்டு வைத்திருந்த படத்தின் பக்கம் திரும்பி நின்றான். குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். உதடுகள் அசைந்தன.

அவருடைய அப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மைக் பெயரைச் சொல்லும்போதெல்லாம் இதைத்தான் செய்திருக்கிறான். அடுத்த பந்து வரும்போதும் பாதி உடம்பு படத்தின் பக்கமே இருந்திருக்கிறது.

"முட்டாப்பய," என்றார், தனக்குள்.

தூக்கிய கைகள் உருளவில்லை. ஒரு கையைத் தட்டையாக வைத்து, மறு கையின் விரல்நுனியை அதன் அடியில் முட்டுக் கொடுத்தார். இடைவேளை. முப்பது விநாடி.

லிங்கதுரை எழுந்து மேல்சட்டையைக் கழற்றினான். ஆட்டக்காரர்கள் அவரை நோக்கி வந்தார்கள்.

அவர் எல்லோரையும் கடந்து மைக் மேசைக்குப் போனார். அவசரப்படவில்லை. பாதி நேரம் நடையிலேயே போயிற்று.

மைக்கைக் கையால் பொத்தினார்.

"வாத்தியாரே, இந்த ஆட்டம் முடியுற வரைக்கும் எங்கப்பா பேரச் சொல்லாதீங்க."

"பொறவு யார் பேரச் சொல்ல?"

"எம் பேரச் சொல்லுங்க."

திரும்பி வந்தார். மகன் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"உக்காருல."

உட்கார்ந்தான்.

விசில். பந்து வலையைத் தாண்டி வந்தது. பின்னாலிருந்தவன் அழகாக எடுத்துக் கொடுத்தான். இசக்கிராஜா சரியாகப் பந்தின் அடியில் போய் நின்றான். விரல்கள் விரிந்தன.

இரண்டு முறை தொட்டான்.

அவர் கண்ணை மூடவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். பதினெட்டு வருடப் பழக்கம் நாக்கில் முந்திக்கொண்டது.

"அமரர் தவசிக்கனி..."

மூன்று குழாய்களும் அதை மூன்று தெருவுக்குச் சொல்லின.

யாரோ ஒருவர் தொடங்க, கயிற்றைச் சுற்றிலும் சிரிப்பு ஓடியது. நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாத்தியார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

படத்தின் பக்கம் திரும்பப் போன இசக்கிராஜா பாதியில் நின்றான். அவரைப் பார்த்தான். நாற்காலியில், விறைப்பாக, உயிரோடு இருந்தவரை.

அடக்கப் பார்த்தான். முடியவில்லை. தோள்கள் குலுங்கின. இந்த ஆறு ஆட்டங்களில் களத்துக்குள் அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

கைகளை உதறிவிட்டுக்கொண்டு வலையின் பக்கம் திரும்பினான்.

எட்டுக்குப் பன்னிரண்டு.

மேசையிலிருந்து வாத்தியார், திருத்திச் சொல்லட்டுமா என்று சைகையில் கேட்டார்.

அப்படியே இருக்கட்டும் என்று அவர் ஒரு விரலை மட்டும் அசைத்தார்.