கேட் மூடியிருக்கிறது

அப்பாவுவின் மாந்தோப்புக்கு அந்த வருஷம் காவலுக்கு ஆள் இல்லை, மிஷின்தான்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் சாய்குமார் கொண்டுவந்து மாட்டினான். தீப்பெட்டி அகலத்தில் ஒரு போர்டு. அதற்குள் முழுசாக ஒரு கம்ப்யூட்டரே, லினக்ஸ் சகிதம் குடித்தனம் நடத்துகிறதாம்! போர்டில் ஊசி ஊசியாகப் பின்கள். ஒரு பின்னிலிருந்து ஒயர் இழுத்து, கேட் தூணில் ஸ்விட்ச். கேட்டில் ஒரு காந்தம்.

“காந்தம் கிட்டக்க இருந்தா இந்தப் பின்ல ஜீரோ, நைனா. கேட் மூடிக்கினு இருக்குதுன்னு அர்த்தம். விலகினா ஒன்னு. உடனே உன் போன் அலறும்.”

கேட்டும் லேசுப்பட்டதல்ல. சித்தூரில் சொல்லிச் செய்தது. இரண்டு கதவிலும் இரும்பு யானை. அசல் யானை வந்து முட்டினால் அதற்குத்தான் தும்பிக்கை சுளுக்கும். சுற்றிலும் முள்வேலி. அப்புறமென்ன? பங்காருபாளையம் டீக்கடையில் அப்பாவு ஊருக்கே பாடம் எடுத்தார்.

“காந்தம் மட்டும் கிட்டக்க இருந்தா போதுமா, மாமா?” வாயைப் பிளந்தான், பழைய இரும்பு வாங்கும் பச்சையப்பன்.

“போதும்டா. அது விலகட்டும், நான் அமெரிக்காவுல இருந்தாகூடத் தெரிஞ்சிடும்!”

‘பயலுக்கு நம்ம பங்கனபள்ளி மேல கண்ணு’ என்று நினைத்துக்கொண்டார். வருஷச் சோறே அந்த மாங்காயில்தான்.

காய் பறிக்கும் நேரம் பார்த்துத் திருப்பதியில் மச்சினன் மகள் கல்யாணம். ஊரே வந்திருந்த பந்தியில் பச்சையப்பனை மட்டும் காணோம். அப்பாவுவுக்கு வடை இறங்கவில்லை.

“இன்னா, போனையா துன்னப் போறீங்க? இலையப் பாருங்க,” என்றாள் மனைவி அம்சவேணி.

“ஜீரோதான்டி காட்டுது. பய உள்ள நுழையல!”

தாலி ஏறும்போதும் ஜீரோ. மொய் எழுதும்போதும் ஜீரோ.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கியவர் ஒரே ஓட்டமாகத் தோப்புக்குள் போய்த்தான் நின்றார். மரம் மரமாக அண்ணாந்து பார்த்தார். ஒரு காய்கூடக் குறையவில்லை.

“சபாஷ்டா சாய்!” என்று போனுக்கு ஒரு முத்தம் கொடுத்தபோதுதான் உறைத்தது. தான் உள்ளே வந்தும் இது அலறவில்லையே?

திரும்பிப் பார்த்தார். தூணில், ஸ்விட்சோடு ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைச் சணல் போட்டுப் பத்திரமாகக் கட்டியிருந்தது. போன் ‘கேட் மூடியிருக்கிறது’ என்றது.

யானைகளோடு கேட்தான் போய்விட்டிருந்தது.