கந்தப்பன் கங்காணி வீட்டு நர்ஸ்

“நம்ம குடும்பத்துல எந்தப் பொம்பளையும் அந்த உடுப்பப் போட்டதில்ல. இனிமேலும் போட வேணாம்” என்று சொல்லிவிட்டு, சிவசாமி தேத்தண்ணிக் கோப்பையைத் தரையில் வைத்தார்.

நாகலெட்சுமிக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருந்தது. மூன்று நாளாக இதே பாட்டு. மகள் சுலக்ஷனாவுக்கு நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. நாளைக் காலை நுவரெலியாவில் விண்ணப்பப் பாரத்தை ஒப்படைக்க வேண்டும். அதில் அப்பா கையெழுத்து இல்லாவிட்டால் இடம் வேறு யாருக்கோ போய்விடும். இந்த மனுசனோ பேனாவைத் தொடவே மாட்டேன் என்கிறார். மகளும் விடுவதாக இல்லை. மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம் நாகலெட்சுமிதான்.

“ராத்திரி வேல, கண்டவனுக்கெல்லாம் பணிவிட. எங்கப்பா உசுரோட இருந்திருந்தா இதுக்கு விட்டிருப்பாரா?” சிவசாமி சுவரைக் காட்டினார்.

சுவரில் மாலையும் முறுக்கிய மீசையுமாக இருந்தார் கந்தப்பன் கங்காணி. தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்த்தவர். அவர் இருமினால் லயத்து வீடுகள் மொத்தமும் அடங்கிப்போகுமாம். செத்து இருபத்தைந்து வருசமாகியும் இந்த வீட்டில் கடைசி வார்த்தை அவருடையதுதான். தூசி தட்டும் வேலை மட்டும் நாகலெட்சுமிக்கு.

“போட்டதில்லன்னா, இது யாருப்பா?”

சுலக்ஷனா ஒரு பழைய போட்டோவை அவர் முன்னால் வைத்தாள். பிறப்புச் சான்றிதழைத் தேடப் போய், தாத்தாவின் தகரப் பெட்டியில் அகப்பட்டது. அதில் ஒரு நர்ஸ். தலையில் வெள்ளைத் துணி, தோளில் குட்டி மேலங்கி, இடுப்பில் பட்டை, கையில் மருந்து போத்தல். பின்னால் பென்சிலில் 1944 என்று எழுதியிருந்தது.

சிவசாமி ஒரு பார்வைதான் பார்த்தார். “யாரோ. கடையில வித்த படமா இருக்கும்.”

“பின்னாடி தெரியிறது நம்ம கோயில் படிக்கட்டுப்பா. கடையில எப்பிடி விப்பாங்க? படத்த ஷிராணி மிஸ்ஸிக்கு அனுப்பினேன். அவங்க பெரிய ஆஸ்பத்திரியில முப்பது வருசம் நர்ஸா இருந்தவங்க. கேளுங்க.”

அவள் போனைத் தட்டினாள். ஷிராணி மிஸ்ஸி பேசி அனுப்பியிருந்த பதில் ஒலித்தது.

“மகள், இது ரெண்டாம் உலகச் சண்ட காலத்து ராணுவ நர்ஸ் உடுப்பு. தலத்துணி, மேலங்கி எல்லாம் சரியா இருக்கு. பாத்துத் தச்சதில்ல, அசல். கால்ல இருக்கிற பூட்ஸ் மட்டுந்தான் எனக்கு விளங்கல. நர்ஸ்மார் அந்த மாதிரி போடுறதில்லையே.”

“கேட்டீங்களா? அசலாம். எம்பது வருசத்துக்கு முந்தியே நம்ம வீட்டுல ஒருத்தங்க யுத்தத்துக்குப் போயிருக்காங்க. நீங்க என்னான்னா என்னைய நுவரெலியாவுக்கே விட மாட்டேங்கிறீங்க. யாரு, உங்க அத்தையா?”

“எனக்கு அத்தையே இல்ல.”

“பெரியம்மாவா?”

“இல்லங்கிறேன்ல.”

சிவசாமிக்கு நெற்றி வேர்த்தது. வட்டகொடை மலைக் குளிரில் இந்த மனுசன் வேர்த்து நாகலெட்சுமி பார்த்ததே இல்லை. அவளுக்குச் சுருக்கென்றது. இருந்த கொஞ்சப் பொறுமையும் அதோடு போயிற்று.

“அத்தையில்ல, பெரியம்மாவும் இல்ல. ஆனா படம் மட்டும் மாமா பெட்டிக்குள்ள பத்திரமா இருந்திருக்கு. அப்ப அந்த நர்சு மாமாவுக்குத் தொடுப்பா?”

“ஏய், வாய மூடு.”

“நா எதுக்கு மூடணும்? மீசைய முறுக்கிக்கிட்டு ஊருக்கெல்லாம் நியாயம் சொன்னவரு. நாளைக்குக் கோயில்ல பெருசுகள்கிட்ட படத்தக் காட்டுறேன். அவங்க சொல்லிட்டுப் போறாங்க.”

சிவசாமி விறுக்கென்று எழுந்தார். சுவரிலிருந்த அப்பாவின் படத்தைக் கழற்றி, போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“எங்கப்பாவப் பத்தி அப்பிடிப் பேசாத. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போனாரு. இப்பிடிப் பழி வந்த பொறகு என்னா சத்தியம்?”

அவர் கட்டைவிரலால் கந்தப்பன் கங்காணியின் மீசையை மறைத்தார்.

நாகலெட்சுமி அந்தப் படத்தைப் பார்த்தாள், இந்தப் படத்தைப் பார்த்தாள். அதே இடுங்கிய கண். கீழுதட்டுக்கு அடியில் அதே மச்சம்.

“சண்டைக்கு நிதி சேக்கத் தோட்டத்து வெள்ளக்காரத் தொரை நாடகம் போடச் சொன்னாரு” என்றார் சிவசாமி, தலையைக் குனிந்தபடி. “பொம்பளைங்க மேடையேற மாட்டாங்க. காமன் கூத்துல வருசா வருசம் ரதி வேசம் கட்டுறதே அப்பாதான். தொரைசானியோட தங்கச்சி யுத்தத்துல நர்சு, அவங்கதான் உடுப்பக் குடுத்தாங்க. சப்பாத்து மட்டும் அப்பா காலுக்குப் பத்தல, அதான் பூட்ஸ மாட்டிக்கிட்டாரு. கங்காணி ஆன பொறகுதான் அந்த மீசையே வச்சாரு.”

சுலக்ஷனா வாயைப் பொத்திக்கொண்டாள். நாகலெட்சுமி சிரிக்கவில்லை. மாமனார் முகத்தை மறுபடியும் ஒருதரம் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்துக் கணவன் கையில் திணித்தாள்.

“மாமாவுக்கே அந்த உடுப்பு எம்புட்டு எடுப்பா இருக்கு, எம்மகளுக்கு இருக்காதா? போடுங்க கையெழுத்த.”